உரிமத் துப்பாக்கியும் இரவுத் தணிக்கையும்

வண்ணாரப்பேட்டையிலும் சவுகார்பேட்டையிலும் அடகுக் கடை, நகைக் கடை வாசல்களில் துப்பாக்கியோடு காவல் நிற்பவர்களில் பலர் முன்னாள் ராணுவத்தினர். வேலை முடிந்து சொந்த உரிமத் துப்பாக்கியோடு வீடு திரும்பும்போது வாகனத் தணிக்கையில் நிறுத்தினால் என்ன செய்வது என்று ஜார்ஜ் டவுன் நீதிமன்ற வாசலில் அவர்கள் வழக்கறிஞரான என்னிடம் கேட்பதுண்டு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 19-ஆவது பிரிவில் இதற்கு நேரான விடை இருக்கிறது.

ஆயுதம் எடுத்துச் செல்பவரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லும் அதிகாரம் எந்தக் காவல் அலுவலருக்கும் உண்டு. காவலராயினும் சரி, ஆய்வாளராயினும் சரி. காட்ட இயலாவிட்டால் அவர் பெயரையும் முகவரியையும் கேட்கலாம். தேவையெனக் கருதினால் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் கைப்பற்றலாம். பெயரைச் சொல்ல மறுத்தாலோ, சொன்னது பொய் என்றோ ஆள் தப்பிவிடுவார் என்றோ சந்தேகம் எழுந்தாலோதான் இப்பிரிவின்கீழ் பிடியாணையின்றிக் கைது செய்யலாம். ஆகவே உரிமப் புத்தகத்தை வீட்டில் மறந்து வைத்தது மட்டுமே இப்பிரிவின்படி கைதுக்குக் காரணமாகாது. உரிமமே கிடையாது என்ற நியாயமான சந்தேகம் வந்தால் நிலைமை வேறு. இச்சட்டத்தின் குற்றங்கள் அனைத்துமே பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கவை.

என் கட்சிக்காரரான ஓய்வுபெற்ற சிப்பாய் ஒருவரைத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பின்னிரவில் நிறுத்தினார்கள். உரிமம் வீட்டு பீரோவில் இருந்தது. பெயர், முகவரி எல்லாம் சொன்னார். துப்பாக்கியை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிட்டார்கள். அதுவரை சட்டப்படிதான் நடந்தது. கோளாறு, கையில் கொடுத்த சீட்டில். ‘ஒற்றைக் குழல் துப்பாக்கி 1, தோட்டா 5’ என்று மட்டும் எழுதியிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு மூடிய துப்பாக்கி எண்ணை யாரும் துடைத்துப் பார்க்கவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-ஆவது பிரிவின்கீழ் திரும்பக் கேட்டு மனுப் போட்டபோது, உரிமத்தில் உள்ள துப்பாக்கி இதுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று அரசு வழக்கறிஞர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்லி முடிக்க எங்களுக்கு நான்கு மாதம் ஆயிற்று.

எனவே கைப்பற்றும்போது வாக்குவாதம் செய்யாமல், துப்பாக்கியின் வகை, குழல் துளையின் அளவு (bore), எண், தோட்டா எண்ணிக்கை ஆகியவற்றைப் பட்டியலில் எழுதச் சொல்லி நகல் கேளுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள அந்தச் சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. பதிவு நடக்கிறதா என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. கைது என்றால் காரணத்தை அறியவும், வீட்டாருக்குத் தகவல் போகவும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தப்படவும் உரிமை உண்டு. விசாரணையில் காவலர் எழுதும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்திட வேண்டியதில்லை. வெற்றுத் தாளில் ஒருபோதும் வேண்டாம்.

சட்டப் புத்தகத்தில் இல்லாத யோசனை ஒன்று: வண்டி நின்றதும் உறையின் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். இரு கையும் தெரியும்படி வைத்துக்கொண்டு, “ஐயா, லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறேன்” என்று முதலில் வாயால் சொல்லுங்கள். இருட்டில் எதிரே நிற்கும் காவலருக்கும் பயம் இருக்கும்.

அந்தச் சிப்பாய் இப்போது உரிமத்தைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுத் துப்பாக்கிப் பைக்குள்ளேயே வைத்திருக்கிறார். நகல் போதாதா என்று கேட்டார். நகலை ஏற்பதும் மறுப்பதும் அந்த நேரத்து அலுவலர் கையில் போய்விடும், அசலையே வையுங்கள் என்றேன்.