புழு தின்கிறதே என்று நீங்களும் தின்னாதீர்கள்

ஆடுதீண்டாப்பாளைப் பொடியைக் குடித்துவிட்டு, கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் கூடும் கழிவு) ஏறிப்போய் வருகிறவர்கள் காரைக்குடியில் குறைந்தபாடில்லை. போன வாரமும் ஒருவர். சர்க்கரைக்கு நல்லது என்று யாரோ வீடியோவில் சொன்னார்களாம். மாதக்கணக்கில் வெறும் வயிற்றில் குடித்திருக்கிறார். "இது விஷச்செடி ஆச்சி" என்று கூட வந்த அம்மாவிடம் சொன்னேன்.

"அதெப்படி டாக்டர்? எங்க தோட்டத்துல அந்தக் கொடியப் புழு மொட்டையா மேயுது. மேஞ்சிட்டு வண்ணத்துப்பூச்சியாப் பறக்குது. பூச்சியே சாகல, மனுசனுக்கு என்ன ஆயிரும்?"

இதையே எத்தனை பேர்தான் கேட்பீர்கள்? சரி, இன்றைக்குச் சிறுநீரகத்தைவிடப் பூச்சியைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

அது பெரும்பாலும் சிவப்புடல் அழகி, இல்லையென்றால் ரோஜா அழகி என்கிற வண்ணத்துப்பூச்சியின் புழு. செடியிலுள்ள விஷமான அரிஸ்டோலோகிக் அமிலம் அதைக் கொல்வதில்லை, உண்மைதான். அதற்காக அமிலம் எங்கேயும் போய்விடவில்லை. புழு அதை உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. இறக்கை முளைத்த பிறகும் அது உள்ளேதான் இருக்கிறது. சிவப்புடல் அழகியைக் கவனித்துப் பாருங்கள்: கறுப்பு முன்னிறக்கையில் வெள்ளைப் பட்டை, பின்னிறக்கையில் ரத்தச் சிவப்புப் புள்ளிகள், உடம்பும் சிவப்பு. பறப்பதிலும் அவசரமே இருக்காது. பறவைக்குப் பயந்து ஒளிகிற பூச்சி இப்படியா உடுத்தும்? ஒருமுறை கொத்திப் பார்த்துத் துப்பிய பறவை அந்த நிறத்தை மறக்காது. 'ஒன்றும் ஆகாது' என்பதற்கு நீங்கள் சாட்சி சொல்லக் கூப்பிடுகிற பூச்சிதான், விஷம் இருக்கிறது என்று மேலெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு திரிகிறது.

அடுத்த வாதமும் தயாராக இருக்கும்: "அதே பூச்சி கறிவேப்பிலையிலயும் முட்டை வைக்குதே?" அது வேறு. கறிவேப்பிலை அழகி. கறிவேப்பிலையும் எலுமிச்சை இலையும் தின்று வளர்வது. அதன் உடம்பில் இந்த விஷம் கிடையாது. அதன் பெண்களில் சில ரோஜா அழகி மாதிரி, சில சிவப்புடல் அழகி மாதிரி, மற்றவை ஆணைப் போலவே இருக்கும். விஷமுள்ளதன் உடுப்பை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு பறவையை ஏமாற்றுகிறது. உடம்பு மட்டும் சிவப்பாக இருக்காது, கறுப்பு. இப்படி வேஷம் போடும் வழக்கத்தை அமேசான் காட்டுப் பூச்சிகளை வைத்து 1862-லேயே பேட்ஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் விளக்கிவிட்டார். பவளப்பாறைகளிலும் இதே கதைதான்: முதுகில் கறுப்புச் சேணம் போட்ட ஒரு சின்னப் பேத்தை மீன் விஷமுள்ளது, விஷமே இல்லாத இன்னொரு மீன் அச்சாக அதே சேணத்தோடு பக்கத்தில் நீந்துகிறது. பெரிய மீன்கள் இரண்டையும் விட்டு ஒதுங்கும்.

நமக்கு வருவோம். 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் எடை குறைக்கக் கொடுத்த மருந்தில் ஆடுதீண்டாப்பாளையின் பேரினத்தைச் (நெருங்கிய உறவுச் செடிகளின் கூட்டம்) சேர்ந்த சீனச் செடி ஒன்று தவறுதலாகக் கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. மருந்தை நிறுத்திய பிறகும் பலருக்குப் பழுது நிற்கவில்லை. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-ல் இந்தப் பேரினச் செடிகள் சேர்ந்த மூலிகை மருந்துகளைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியது. கொதிக்க வைத்தாலும் நிழலில் உலர்த்தினாலும் அமிலம் போய்விடாது. (முறையாகப் படித்த சித்த மருத்துவர்களோடு எனக்கு வழக்கில்லை. வீடியோ வைத்தியர்களோடுதான்.)

குடிக்கிறவர்கள் இன்றே நிறுத்துங்கள். 'கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறேன்' என்ற பேச்செல்லாம் வேண்டாம். வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிறுநீரகம் வெகுநாள் வரை சத்தமே போடாது. கிரியேட்டினினும் சிறுநீர்ப் பரிசோதனையும் எடுங்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், ஒரு தடவைதான் என்றாலும், உடனே காட்டுங்கள். என்றோ குடித்து விட்டவர்களும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. கொடியை வெட்ட வேண்டாம், அது புழுவுக்கு இருக்கட்டும். மிச்சப் பொடியைக் குப்பையில் போடாமல் பொட்டலத்தோடு கொண்டு வாருங்கள். எந்தச் செடி, எவ்வளவு நாள் என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன பரிசோதனை எழுதுவது என்று முடிவு செய்ய முடியும்.