பழைய ஸ்டேஷனுக்குச் சிமென்ட் பூசாதீர்கள்

ஒரு மீட்டர் அகல மீட்டர் கேஜ் தண்டவாளம் போய் அகலப்பாதை வந்த பல ஊர்களில் இன்றும் இரண்டு ஸ்டேஷன்களைப் பார்க்கலாம். புதிதாகக் கட்டியது ஒன்று. பக்கத்திலேயே கதவு பூட்டி, சுவரில் அரசங்கன்று முளைத்துக் கிடக்கிற பழையது ஒன்று. 1992-இல் தொடங்கிய பாதை அகலமாக்கும் திட்டத்தில் இப்படிப்பட்ட கட்டடங்கள் நிறைய இடிபட்டுவிட்டன. மிச்சம் இருப்பதையாவது ஊர் ரயில் அருங்காட்சியகமாக்கலாமே என்று ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்களும் உள்ளூர் இளைஞர்களும் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். பழங்கட்டடங்களைப் பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதைவிட மகிழ்ச்சியான செய்தி இல்லை. ஆனால் இந்தக் கட்டடங்களை மழையைவிட வேகமாகக் கெடுப்பது நல்ல எண்ணத்தோடு செய்கிற அவசர வேலைதான். நன்கொடை கொஞ்சம் சேர்ந்ததும் முதலில் வாங்குவது சிமென்ட் மூட்டையும் பெயின்ட் டப்பாவுமாக இருக்கிறது.

நூறு வருடத்துக்கு முந்தைய ஸ்டேஷன் சுவர் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வாங்கி, வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். கூடவே உப்பு சேரும். இரண்டு மூன்று மழைக்காலத்துக்குள் பூச்சு உப்பித் தட்டுத்தட்டாக விழும். விழும்போது பழைய செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டுதான் விழும். வெளிச்சுவரில் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தாலும் இதே கதிதான். நீற்றிய சுண்ணாம்பைச் சில வாரமாவது ஊறவிட்டு, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காய், வெல்லத் தண்ணீர் விட்டுப் பூசி, ஈரச்சாக்கு போட்டுக் காக்கிற கொத்தனார்கள் செட்டிநாட்டிலும் தஞ்சைப் பக்கத்திலும் இன்னும் இருக்கிறார்கள். கூலி அதிகம் என்பார்கள். ஒருமுறை கொடுத்தால் போதும் என்பதை அருங்காட்சியகக் கமிட்டிக்காரர்கள் யோசிக்க வேண்டும்.

சுவருக்கும் முன்னால் கவனிக்க வேண்டியது கூரை. பல ஸ்டேஷன்களில் மங்களூர் ஓடு வேய்ந்திருக்கும். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு 1865-இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையும் அதைப் பார்த்து வந்த மற்றவையும் செய்த ஓடுகள். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் தொழிற்சாலையின் பெயர் அச்சாகியிருக்கும். ஆக, அந்த ஓடே காட்சிக்கு வைக்க வேண்டிய பொருள். அதை இறக்கிக் குப்பையில் கொட்டிவிட்டுத் தகரம் போடுகிறோம். ஒவ்வோர் ஓடாக விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, சத்தம் அடைத்துக் கேட்டால் விரிசல். சுவரில் வேர்விட்ட அரசங்கன்றைப் பிடுங்காதீர்கள். வேரோடு செங்கல்லும் வரும். அறுத்துவிட்டு, மிச்ச வேர் பட்டுப்போக மருந்து வைத்து, காய்ந்த பிறகு இடுக்கைச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும்.

கதவு, ஜன்னலில் பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது கவனம். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சை உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத்தூளை மூச்சில் இழுக்கிறோம். பள்ளிப் பிள்ளைகளைச் சேவைக்கு அழைத்து வந்து இந்த வேலையைக் கொடுப்பது பெரிய தவறு.

மனம் வைத்தால் மீட்கலாம் என்பதற்குச் சென்னை ராயபுரம் ஸ்டேஷன் சாட்சி. 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடு ஸ்டேஷனுக்குப் புறப்பட்ட இடம். அதற்கு முன் தொடங்கிய பம்பாய், ஹவுரா பாதைகளின் முதல் ஸ்டேஷன் கட்டடங்கள் இன்று இல்லை, ராயபுரம் நிற்கிறது. சிதைந்து கிடந்ததை 2005-இல் புதுப்பித்தார்கள். அமெரிக்காவில் மேரிலாந்தின் எலிகாட் சிட்டி ஸ்டேஷன் இன்னொரு வகை. 1830-இல் பால்டிமோரிலிருந்து 13 மைல் வந்த பாதையின் முடிவிடம் அது. அந்த நாட்டில் எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழைய அந்தக் கருங்கல் ஸ்டேஷன் இப்போது அருங்காட்சியகம்.

ஊர் அருங்காட்சியகம் பெரம்பூர் ரயில் அருங்காட்சியகத்தோடு போட்டி போட வேண்டாம். எஞ்சின் கிடைக்கவில்லையே என்று காத்திருக்கவும் வேண்டாம். சொல்ல வேண்டியது அந்த ஒரு பாதையின் கதை. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின் இலங்கைக்குப் போகிறவர்களை ஏற்றிய போட் மெயில் ரயில் மானாமதுரை, பரமக்குடி வழியாகத்தான் தனுஷ்கோடி சேர்ந்தது. அந்தப் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனுக்குக்கூட எவ்வளவு சொல்ல இருக்கிறது!

பொருள்களில் நான் முதலில் தேடுவது நீல்ஸ் டோக்கன் கருவி. டோக்கன் என்பது ஒற்றைப் பாதையில் ரயில் போக அனுமதியாக டிரைவர் கையில் இருக்க வேண்டிய இரும்புப் பந்து. அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களில் ஒவ்வொன்று, மின்கம்பியால் இணைந்திருக்கும். ஒன்றிலிருந்து இரும்புப் பந்தை எடுத்துவிட்டால், அது ஏதாவது ஒரு கருவிக்குள் திரும்பப் போகும்வரை இரண்டிலுமே அடுத்த பந்து வெளியே வராது. பந்தைப் பையில் போட்டுப் பிரம்பு வளையத்தில் மாட்டி ஓடும் ரயிலில் டிரைவரிடம் நீட்டுவார்கள். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே ரயில் வராமல் காத்தது இந்தப் பந்துதான். இரண்டு கருவியையும் இணைத்து வைத்து ஒரு குழந்தையைப் பந்தை எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் விளக்கப் பலகையே வேண்டாம். இத்தனை நல்ல கருவிகள் எடைக்கு ஏலம் போகின்றன என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆகவே ஏலத்துக்கு முன்பே ரயில்வே கோட்ட மேலாளருக்குப் பட்டியலோடு மனு கொடுங்கள். கட்டடமும் பொருளும் ரயில்வே சொத்து. எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஓர் ஓட்டைக்கூட அசைக்கக் கூடாது. பக்கத்தில் ரயில் ஓடுகிற பாதை இருந்தால் வேலி போட்ட பிறகே பார்வையாளர்களை விட வேண்டும்.

எல்லாவற்றிலும் அவசரமானது ஆட்களின் நினைவு. ரயிலைத் தடம் மாற்றிவிட்ட பாயிண்ட்ஸ்மேனாகவும் தண்டவாளத்தைப் பராமரித்த கேங்மேனாகவும் இருந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. கட்டடம் இன்னும் ஐந்து வருடம் தாங்கும். அவர்களிடம் இந்த மாதமே போய் உட்காருங்கள். செல்போன் ரெக்கார்டர் போதும். ஸ்டேஷன் மாஸ்டர் மேஜை எங்கே இருந்தது, எந்தச் சரக்கு எந்த மாதம் ஏறியது, வெள்ளத்தில் தண்டவாளம் அரித்த இரவில் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். அட்டை டிக்கெட், பழைய கால அட்டவணை வைத்திருந்தால் படம் எடுத்துக்கொண்டு அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள்.

திறப்பு விழாவுக்குப் பிறகும் ஒரு செலவு உண்டு, அதை வரவு செலவில் யாரும் எழுதுவதில்லை. ஒவ்வொரு புரட்டாசியிலும், ஐப்பசி மழை பிடிப்பதற்குள், ஓர் ஆளைக் கூரையேற்றி நீர்த்தாரையில் அடைத்த இலையை அள்ளி, நழுவிய ஓடுகளை மாற்ற வேண்டும். அந்தத் தொகையை முதல் வருட நன்கொடையிலிருந்தே தனியாக வங்கியில் போட்டு வைத்துவிடுங்கள்.