குளத்துச் சேற்றைத் தோட்டத்தில் போட முதல்

இந்த மாதம் இவர் நாலாவது ஆள். ஐயா ஒருவர் சோடாப் போத்தலில் குளத்துத் தண்ணீரோடு ஆய்வுகூடத்துக்கு வந்தார். ஊர்க் குளத்தைத் தூர்வாருகிறார்களாம். சேற்றை லான்ட்மாஸ்டரில் ஏற்றிக் கத்தரித் தோட்டத்தில் பரவப் போகிறாராம். “தண்ணியைச் சோதிச்சுச் சொல்லுங்கோ பிள்ளை, கண்ணாடி மாதிரிக் கிடக்கு” என்றார். குளத்துக்கு வரும் வாய்க்கால் கரையில் ஒரு கராஜ் இருப்பதை நான் தோண்டிக் கேட்ட பிறகுதான் சொன்னார்.

தண்ணீர் கண்ணாடி மாதிரித்தான் கிடக்கும். கழிவு எண்ணெயிலும் டீசல் புகையிலும் எரித்த டயரிலும் இருந்து வரும் பென்சோபைரீன் போன்ற பொருட்கள் தண்ணீரில் கரைவது மிக மிகக் குறைவு. களியோடும் மக்கோடும் ஒட்டிக்கொண்டு அடியில் போய்ப் படிந்துவிடும். ஒவ்வொரு மாரிக்கும் புதுத் தண்ணீர் வருகிறது, அடியில் கிடப்பது அதே பழைய சேறுதான். தண்ணீர் அறிக்கையில் நைத்திரேற்று, உவர்ப்பு, கிருமி எல்லாம் நல்லபடி இருக்கலாம். அந்த அறிக்கை சேற்றைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது! இதை எத்தனை தரம்தான் சொல்வது? வெயிலில் காயவிட்டால் சரி என்கிறார்கள். வெயில் படுவது மேல்தோலில் மட்டும். கும்பிக்குள் இருப்பது அப்படியே இருக்கும்.

பென்சோபைரீன் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் முதலாம் பிரிவில் சேர்த்திருக்கிறது. சேற்றைக் கரைப்பானில் ஊறவைத்துச் சாறெடுத்து, 1970களில் புரூஸ் ஏம்ஸ் உருவாக்கிய முறையில் சோதிக்கிறோம். ஹிஸ்டிடீன் என்ற அமினோ அமிலம் இல்லாமல் வளர முடியாத சல்மனெல்லா பாக்டீரியாவை, அது மிகக் குறைந்த தட்டில் சேற்றுச் சாறோடு வைப்போம்; மரபணு மாறினால்தான் அந்தத் தட்டில் அது கொலனியாக வளரும். எலியின் ஈரல் சாறும் சேர்க்க வேண்டும்; பென்சோபைரீன் ஈரல் நொதியங்களிடம் போன பிறகுதான் டிஎன்ஏயில் கை வைக்கும். 37 பாகையில் இரண்டு நாள். சேற்றுச் சாறு சேர்க்காத ஒப்பீட்டுத் தட்டில் முப்பது சொச்சம் கொலனிகள் இருக்க, சாறு சேர்த்த பக்கத்துத் தட்டில் வெள்ளை மணல் தூவியது போலக் கிடப்பதைப் பார்த்தால் வயிறு கலங்கும்; சேறு மரபணுவை மாற்றுகிறது என்று அர்த்தம். (அதற்காகக் குளத்தருகே இருக்கிறவர்களுக்கெல்லாம் நோய் வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். சேறு ஆபத்தானது என்பதற்கான அறிகுறி அது, அவ்வளவுதான்.)

சரி, மாதிரி எடுக்கும் விதம். சோடாப் போத்தல் வேண்டாம், கண்ணாடிப் போத்தல் வேண்டும். மேல் ஐந்து சென்ரிமீற்றர்ச் சேற்றை, வாய்க்கால் வந்து விழும் இடம் உட்பட நாலைந்து இடத்தில் எவர்சில்வர் கரண்டியால் அள்ளுங்கள். வெளிச்சம் படாமல் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டு வாருங்கள். குளக்கட்டில் குப்பை எரிப்பதை, தயவுசெய்து, இன்றோடு நிறுத்துங்கள். சேற்றைக் கிணற்றடியில் குவிக்கவே கூடாது. நம்முடைய யாழ்ப்பாணம் வெடிப்பும் துவாரமுமான சுண்ணக்கல் நிலம்; மேலே கிடப்பது கிணற்றுக்குள் இறங்கிவிடும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததைப் பார்த்த ஊர் இது.

ஐயாவிடம் அசற்றோனால் அலசிய போத்தல்கள் நாலைக் கொடுத்தேன். ஏற்கெனவே இரண்டு லோட் சேறு வளவுக்கு வந்துவிட்டதாம். முடிவு வரும்வரை அதைக் கிணற்றுக்குத் தள்ளி, தறப்பாளால் மூடி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.