கையில சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) இருக்கு, ஜெட் ஓட்டலாமா? டைப் ரேட்டிங் விதி

வாகைக்குளத்துல, அதான் நம்ம தூத்துக்குடி ஏர்போர்ட்ல, ரன்வே 1,350 மீட்டரா இருந்த வரைக்கும் நமக்கு வந்துபோனது பூரா ஏடிஆர்தான், ரெண்டு பக்கமும் காத்தாடி சுத்துமே அது. இப்ப 3,115 மீட்டர் ஆக்கிட்டாங்க, ஏர்பஸ் ஏ321 வரைக்கும் இறங்கலாம். இத பாத்துட்டு பாளையங்கோட்டை பக்கமே பைலட் படிப்ப பத்தி நெறைய பேரு கேக்காங்க.

போன வாரம் ஒரு தம்பி லாக்புக்க (விமானம் ஓட்டின கணக்கு நோட்டு) காமிச்சான், 200 மணி நேரம், முக்காவாசி பக்கத்துல செஸ்னா 172ன்னுதான் இருக்கு, ஒத்த காத்தாடி வச்ச சின்ன பயிற்சி விமானம் அது. "லைசென்ஸ் வந்துட்டுல்லா அண்ணாச்சி, பெறவு ஏன் ஜெட்டு குடுக்க மாட்டேங்காங்க?"ன்னு அவங்க அப்பா கேக்காரு, வயல வித்து படிக்க வச்சவரு.

விதி இதுதான். டிஜிசிஏ (மத்திய அரசோட விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) குடுக்க சிபிஎல்லுக்கு 18 வயசு, 200 மணி நேரம், அதுல 100 நீங்களே கமாண்டரா ஓட்டினதா இருக்கணும். ஆனா லைசென்ஸ்ல எந்த விமானம் எழுதியிருக்கோ அத மட்டும்தான் ஓட்டலாம். ஏ320 எழுதணும்னா மல்டி எஞ்சின் (ஒண்ணுக்கு மேல எஞ்சின் உள்ளத ஓட்ட), இன்ஸ்ட்ருமென்ட் (வெளிய பாக்காம கருவிய மட்டும் பாத்து ஓட்ட) ரேட்டிங் ரெண்டும் வேணும், அதுக்கு மேல டைப் ரேட்டிங், அதாவது அந்த விமானத்துக்குன்னே கிளாஸ், பரீட்சை, சிமுலேட்டர், கடைசில எக்ஸாமினர் செக். ஏ320 எடுத்தா ஏ319, ஏ321 சேந்து வந்துரும், போயிங் 737க்கு தனியா எடுக்கணும். ஏடிஆருக்கும் தனிதான்.

இது சும்மா சடங்கு இல்லங்க. செஸ்னால த்ராட்டில, அதாவது எஞ்சின் பவர் கூட்டுத லீவர, தள்ளுன உடனே காத்தாடி காத்து றெக்கை மேல அடிச்சு தூக்கிரும், ஜெட்டுல எஞ்சின் ஐடில்ல கெடந்தா வேகம் பிடிக்கவே சில நொடி ஆவும், தரைய நெருங்கையில அந்த நொடி கையில இருக்காது, அதனால முன்கூட்டியே பவர் வச்சுக்கணும். செஸ்னா 65 நாட் (ஒரு நாட்னா மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர்) வேகத்துல இறங்கும், ஏ320 சுமாரா 135ல வரும். 35,000 அடில இருந்து வாகைக்குளத்துல இறங்கணும்னா மதுரைக்கு வடக்கயே இறக்கத்த ஆரம்பிச்சிரணும், இந்த முன்யோசனையத்தான் சிமுலேட்டர்ல திரும்பத் திரும்ப பழக்குதாங்க.

டைப் ரேட்டிங் முடிச்சாலும் மொதல்ல கோ-பைலட்தான், கேப்டன் ஆக ஏடிபிஎல், அதாவது சிபிஎல்லுக்கு அடுத்த மேல்நிலை லைசென்ஸ், வேணும், அதுக்கு 1,500 மணி நேரம்.

என் அபிப்பிராயம், வேல உறுதியாகாம சொந்தக் காசுல டைப் ரேட்டிங் போடாதீங்க, நீங்க 737 முடிச்சிட்டு நிக்கையில கூப்பிடுத கம்பெனிகிட்ட ஏ320 மட்டும் இருந்தா அவ்வளவு லட்சமும் முடங்கிரும். இன்னும் சேராத பிள்ளைகளா இருந்தா வயலுக்கு விலை பேசுததுக்கு முன்னாடி கிளாஸ் 1 மெடிக்கல் (பைலட்டுக்கான உடல் தகுதி பரிசோதனை) முடிச்சிருங்க. எஸ்சி மாணவருக்கு, குடும்ப வருமானம் வருசம் 2.5 லட்சத்துக்குள்ள இருந்தா, மத்திய அரசோட போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்ல சிபிஎல் படிப்பும் வருது, சேரும்போதே விண்ணப்பிச்சிருங்க.