376 புள்ளி வாங்கிய பாட்டு எப்படித் தோற்றது?

2023 மே மாதம் இங்கிலாந்தின் லிவர்பூலில் நடந்த, பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகள் நாட்டுக்கு ஒரு பாட்டோடு மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில், மக்கள் போட்ட ஓட்டில் பின்லாந்துக்கு 376 புள்ளி கிடைத்தது. சுவீடனுக்கு 243. கோப்பை சுவீடனுக்குப் போனது.

எங்கள் அக்கா மகள் கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்து அதை விடிய விடியப் பார்த்தாள். நிகழ்ச்சி தொடங்கும்போதே நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. பின்லாந்துக்காகப் பாடிய கேரியாவின் பாட்டை அவள் வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் பாடிய பின்னிஷ் மொழியில் ஒரு சொல்கூட அவளுக்குத் தெரியாது. வீட்டில் தமிழ், ஆபீஸ் பலகையில் மலையாளம், பஸ்ஸில் இரண்டும் கலந்து என்று வளரும் எல்லையோரப் பிள்ளைகளுக்குப் பொருள் புரியாத பாட்டு ஒரு தடையே இல்லை. முடிவு வந்ததும் எனக்குப் போன் செய்தாள், அழுதுகொண்டே. "அத்தனை பேரு ஓட்டுப் போட்டும் எப்படி மாமா தோக்கும்? ஏமாத்திட்டாங்களா?"

யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் அவள் கேட்டது நல்ல கேள்வி. ஓட்டு எண்ணும் கணக்கில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிய மூளைகள் உட்கார்ந்து யோசித்த கேள்வியும்கூட.

முதலில் விதி. யூரோவிஷன் 1956-ல் சுவிட்சர்லாந்தின் லுகானோவில் ஏழு நாடுகளோடு தொடங்கியது. ஆரம்பத்தில் எண்ணும் முறை அடிக்கடி மாறியது. 1969-ல் நடுவர் ஒவ்வொருவரும் ஒரே ஒரு பாட்டுக்கு ஓட்டுப் போட்டார்கள். கடைசியில் நான்கு நாடுகள் தலா 18 ஓட்டு வாங்கி, நான்கும் முதலிடம் என்று அறிவிக்க வேண்டிவந்தது. இன்றைய முறை 1975-ல் வந்தது. ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த பத்துப் பாட்டுகளை வரிசைப்படுத்தி 12, 10, 8, 7, 6 என்று இறங்கி 1 வரை புள்ளி கொடுக்கும். தன் சொந்த நாட்டுக்குக் கொடுக்க முடியாது. 2016 முதல் ஒவ்வொரு நாடும் இரண்டு தடவை இப்படிக் கொடுக்கிறது: இசைத்துறை நடுவர்கள் ஒரு தடவை, வீட்டிலிருந்து ஓட்டுப் போடும் மக்கள் ஒரு தடவை. 2023 முதல் போட்டியில் இல்லாத நாடுகளின் ரசிகர்களும் இணையம் வழியாக ஓட்டுப் போடலாம். அவர்கள் எல்லாரையும் சேர்த்து ஒரே நாடாகக் கணக்கிடுவார்கள்.

முக்கியமான விஷயம் இந்த 'வரிசை'யில்தான் இருக்கிறது. ஓட்டுகள் நேரடியாகக் கூட்டப்படுவதில்லை. முதலில் நாட்டுக்குள் வரிசையாகின்றன, அப்புறம் அந்த வரிசை புள்ளியாகிறது. எண்களோடு பார்த்தால் இது உடனே புரியும். நம்ம ஊர்ப்பக்கமே வைத்துக்கொள்வோம். பாலக்காடு, கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சி மூன்று ஊர்களும் அ, ஆ, இ என்ற மூன்று பாட்டுகளுக்கு ஓட்டுப் போடுகின்றன. பாலக்காட்டில் அ-வுக்கு 9,000 ஓட்டு, ஆ-வுக்கு 800, இ-க்கு 700. கொழிஞ்சாம்பாறையில் ஆ 510, இ 500, அ 490. பொள்ளாச்சியில் ஆ 620, இ 610, அ 600. மொத்த ஓட்டில் அ பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது; மற்ற இரண்டும் இரண்டாயிரத்தைக்கூடத் தொடவில்லை. இப்போது 12, 10, 8 என்று புள்ளி போடுங்கள். ஆ-வுக்கு 10, 12, 12, ஆக 34. அ-வுக்கு 12, 8, 8, ஆக 28. ஆ ஜெயித்துவிட்டது. அ-வும் இ-யும் சமம்!

பாலக்காட்டின் எட்டாயிரம் ஓட்டு வித்தியாசமும் பொள்ளாச்சியின் பத்து ஓட்டு வித்தியாசமும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். இரண்டுமே 2 புள்ளி. பெரிய நாடு சின்ன நாட்டை விழுங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இப்படி வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் ஓட்டுகளை அப்படியே கூட்டினால் மால்டாவின் விருப்பம் எங்கே தெரியும்? அது நியாயமான காரணம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. எவ்வளவு ஆசையாக விரும்பினார்கள் என்பது கணக்கிலிருந்து காணாமல் போகிறது. பத்தாம் இடத்துக்குக் கீழே எல்லாமே பூஜ்யம் என்பது இன்னொரு விலை. 2025-ல் பேசல் நகரில் நடந்த போட்டியில், போட்டியை நடத்திய சுவிட்சர்லாந்துக்கு நடுவர்கள் 214 புள்ளி அள்ளிக் கொடுத்தார்கள்; மக்கள் ஓட்டில் கிடைத்தது 0. யாருமே ஓட்டுப் போடவில்லை என்று அர்த்தமில்லை. எந்த நாட்டு மக்களிடமும் அது முதல் பத்துக்குள் வரவில்லை, அவ்வளவுதான். எல்லா நாட்டிலும் பதினோராம் இடம் பிடித்த பாட்டுக்கும் எல்லா நாட்டிலும் கடைசி இடம் பிடித்த பாட்டுக்கும் ஒரே பூஜ்யம்தான்.

வரிசைக்குப் புள்ளி கொடுக்கும் யோசனையை 1770-ல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் முன்வைத்தவர் போர்தா என்ற பிரெஞ்சுக் கணிதர், கடற்படைக்காரர். அவர் முறைக்கு ஒரு குணம் உண்டு: சிலருக்கு உயிராகவும் சிலருக்கு வேப்பங்காயாகவும் இருப்பதைவிட, எல்லாரும் 'பரவாயில்லை, நல்லா இருக்கு' என்று இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வைப்பதை அது மேலே தூக்கும். 2016 முடிவில் இதை அப்பட்டமாகப் பார்க்கலாம். நடுவர்களிடம் முதலிடம் ஆஸ்திரேலியா, 320 புள்ளி. மக்களிடம் முதலிடம் ரஷ்யா, 361. இரண்டு பட்டியலிலும் இரண்டாவதாக இருந்த உக்ரைன் (211, 323) மொத்தம் 534 வாங்கிக் கோப்பையை எடுத்துக்கொண்டது.

இப்போது 2023-க்கு வருவோம். மக்கள் ஓட்டில் பின்லாந்து 133 புள்ளி முன்னால். நடுவர் பட்டியலில் சுவீடனுக்கு 340, பின்லாந்துக்கு 150. அங்கே சுவீடன் 190 முன்னால். 190-லிருந்து 133 போனால் 57. சுவீடன் 583, பின்லாந்து 526 என்று முடிந்தது அந்த 57-ல்தான். நடுவர் பட்டியலில் இரண்டாவதாக வந்த இஸ்ரேலுக்கே 177 புள்ளிதான். அதாவது நாடு நாடாகத் தனித்தனியே உட்கார்ந்த நடுவர்கள் சுவீடனுக்காகப் பாடிய லொரீன் என்ற ஒரே பாடகியின் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். இரண்டு குழுக்களுக்கும் பாதிப் பாதி அதிகாரம் என்று எழுதிவைத்தாலும், முடிவு எந்தக் குழுவின் கையில் இருக்கும் என்பது, இரண்டு போட்டியாளர்களுக்கு நடுவில் அந்தக் குழு போடும் இடைவெளியைப் பொறுத்தது. ஒற்றுமையாகச் சாயும் குழுவின் கை ஓங்கும். அந்த ஆண்டு 37 நாடுகள், நாட்டுக்கு ஐந்து நடுவர். ஆக 185 பேரின் ஒற்றுமை அத்தனை மக்கள் ஓட்டையும் தாண்டிவிட்டது. என் அக்கா மகளின் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

கேரளப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இதற்கு நேர்மாறான ஒரு கணக்கு தெரியும். பள்ளிக் கலோற்சவம் என்ற கலைப் போட்டி விழாவில் ஏ கிரேடுக்கு 5 புள்ளி, பி-க்கு 3, சி-க்கு 1. பத்துப் பிள்ளைகள் பிரமாதமாகப் பாடினால் பத்துப் பேருக்கும் ஏ. ஒருவர் மேலே போவதற்காக இன்னொருவர் கீழே இறங்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு இதுவே நல்ல முறை என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் இதிலும் ஒன்று தொலைகிறது: உச்சியில் இருப்பவர்களுக்குள் வித்தியாசம் தெரியாது, எல்லாரும் நெருங்கி நிற்பார்கள். 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த மாநிலக் கலோற்சவத்தில் திருச்சூர் மாவட்டத்துக்கு 1008 புள்ளி, எங்கள் பாலக்காட்டுக்கு 1007. ஒரே ஒரு நிகழ்ச்சியில் ஒரு பி கிரேடு ஏ ஆகியிருந்தால் தங்கக் கோப்பை பாலக்காட்டுக்கு வந்திருக்கும்.

குறையே இல்லாத முறை ஒன்றும் கிடையாதா? மூன்றோ அதற்கு மேலோ தேர்வுகள் இருக்கும்போது, நியாயம் என்று நாம் சாதாரணமாக எதிர்பார்க்கும் சில நிபந்தனைகளை ஒருசேர நிறைவேற்றும் வரிசை முறை எதுவும் இருக்கவே முடியாது என்று கென்னத் ஆரோ என்ற பொருளாதார அறிஞர் 1951-ல் நிரூபித்துவிட்டார். எந்தக் குறையோடு வாழ்வது என்பதை மட்டுமே நாம் தேர்ந்தெடுக்கலாம்.

சரி, கணக்கு புரிந்துவிட்டது. வலி ஏன் அவ்வளவு இருந்தது?

அறிவிக்கும் முறைக்கு அதில் பங்கு உண்டு. நடுவர் புள்ளிகள் முதலில் வந்துவிடும். அப்புறம் நடுவர் பட்டியலில் கடைசியில் இருக்கும் நாட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மக்கள் புள்ளியைச் சொல்வார்கள். பின்லாந்தின் 376 வந்தபோது அது 526-க்குத் தாவி முதலிடத்தில் நின்றது. சுவீடன் 340-ல் காத்திருந்தது; ஜெயிக்க இன்னும் 187 வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் என் அக்கா மகளைப் பொறுத்தவரை கேரியா ஜெயித்துவிட்டார்.

வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் குரங்குகளின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களைக் கவனித்தார். விளக்கு எரிந்தால் பழச்சாறு வரும் என்று பழகிய குரங்கில், அந்தச் செல்கள் சாறு வரும்போது துள்ளுவதில்லை, விளக்கு எரியும்போதே துள்ளுகின்றன. அப்படி விளக்கு எரிந்து சாறு வராமல் போனால், வர வேண்டிய அதே நொடியில் அவற்றின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்குகிறது. மூளை கணக்கிடுவது கிடைத்ததை மட்டுமல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. 376 என்ற எண் எதிர்பார்ப்பை உச்சிக்குக் கொண்டுபோனது, 243 அங்கிருந்து கீழே தள்ளியது. மக்கள் புள்ளியை முதலில் சொல்லி நடுவர் புள்ளியை அப்புறம் சொல்லியிருந்தால், பின்லாந்து உச்சியிலிருந்து படிப்படியாக இறங்கியிருக்கும். அதே தோல்வி, ஆனால் இத்தனை அழுகை இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இரண்டாம் இடத்துக்கென்றே ஒரு தனி வலியும் உண்டு. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸில் பதக்கம் வாங்கியவர்களின் முகங்களை ஆராய்ந்து 1995-ல் வெளியான ஓர் ஆய்வு, வெள்ளி வாங்கியவர்களைவிட வெண்கலம் வாங்கியவர்களே மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள் என்று கண்டது. வெண்கலம் வாங்கியவர் பதக்கமே இல்லாமல் போயிருக்குமே என்று நினைக்கிறார். வெள்ளி வாங்கியவர் தங்கத்தை நினைக்கிறார். 1007 வாங்கிய பாலக்காட்டுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்: "பாதிப் பாதி இல்லாம, மக்களுக்கு 60, நடுவருக்கு 40-ன்னு வச்சா?" உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். மக்கள் புள்ளியை 0.6-ஆலும் நடுவர் புள்ளியை 0.4-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 2023-ல் பின்லாந்துக்கு 285.6, சுவீடனுக்கு 281.8. கேரியா ஜெயிக்கிறார்! மக்களின் பங்கு 59 சதவீதத்தைத் தொட்டாலே போதும். அடுத்து வந்த 2024-ஐயும் பின்னர் போட்டோம். அந்த ஆண்டு சுவிட்சர்லாந்து 591, குரோவேஷியா 547 என்று முடிந்தது. இதிலும் மக்கள் ஓட்டில் முதலிடம் தோற்ற நாட்டுக்குத்தான். 60-40 வைத்தால் குரோவேஷியா 286.2, சுவிட்சர்லாந்து 281.6. 2016-ல் மட்டும் மாற்றமில்லை. மக்களின் பங்கு 68 சதவீதமாகும்வரை உக்ரைன் அசையவில்லை.

நடுவர்களே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மக்கள் ஓட்டு மட்டுமே பெரும்பாலும் தீர்மானித்த காலத்தில், அக்கம்பக்கத்து நாடுகள் ஒன்றுக்கொன்று புள்ளி கொடுத்துக்கொள்கின்றன என்ற புகார் ஓயாமல் வந்தது. அதனால்தான் 2009-ல் இறுதிச் சுற்றுக்கு நடுவர்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் 60-40 என்ற அவளுடைய கணக்குக்கு என் ஓட்டு உண்டு.