காந்தம் ஒட்டாத வீல் ஆர்ச்

போன மாதம் என் டிங்கரிங் பட்டறைக்கு ஒரு மாருதி 800 கார் வந்தது. பின்பக்க வீல் ஆர்ச்சில், அதாவது சக்கரத்துக்கு மேலே வளைந்து நிற்கிற பாடி விளிம்பில், பெயின்ட் குமிழ் குமிழாக எழும்பியிருந்தது. “அண்ணாச்சி, போன வருசம்தான் டிங்கரிங் பாத்தேன், லேசா டச்சப் போட்டாப் போதும்லா?” என்றார் வண்டிக்காரர். காந்தத்தை வைத்தேன், வழுக்கிக் கீழே விழுந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் அரை இஞ்சுக்குப் பட்டி (பள்ளம் நிரவப் பூசுகிற பசை), அதற்குப் பின்னால் மடித்துத் திணித்த செய்தித்தாள். தேதிகூடப் படிக்க முடிந்தது!

எங்கள் தூத்துக்குடி உப்புக்காற்றில் முதலில் போவது வீல் ஆர்ச்தான். உள்தகடும் வெளித்தகடும் சேருகிற மடிப்பில், சக்கரம் வாரியடிக்கிற சேறு தங்கி, ஈரம் காயாமலே கிடந்து உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். வெளியே குமிழ் தெரியும்போது உள்ளே பாதி காலி. முன் ஃபெண்டர் (முன்சக்கரத்து மட்கார்டு) போல்ட்டில் நிற்பது, கழற்றி வேறு மாட்டிவிடலாம். பின்பக்கம் பாடியோடு வெல்டு ஆனது, 800 உற்பத்தியும் 2014-லேயே நின்றுவிட்டது. அப்போ வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் தகட்டை வளைப்பதுதான் வழி.

20 கேஜ் தகடு, கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர். நல்ல பக்கத்து ஆர்ச்சில் அட்டை வைத்து வெட்டி, அதைப் புரட்டிப் போட்டால் கெட்ட பக்கத்துக்கு அச்சு ரெடி. பட்டைத் தகட்டை எல் போல மடிக்கிறோம்: ஒரு கை வெளியே தெரிகிற முகம், இன்னொன்று சக்கரத்தைப் பார்த்துத் திரும்புகிற மடிப்பு. இப்போது அந்த முகத்தின் வெளி விளிம்பை, தகட்டைக் கவ்வி இழுத்து நீட்டுகிற மிதிகருவியான ஸ்ட்ரெச்சரின் தாடையில் கொடுத்து மிதிக்க வேண்டும். உள்வட்டத்தைவிட வெளிவட்டம் நீளம் அல்லவா, அந்தக் கூடுதல் நீளத்தைத் தாடை தகட்டை இழுத்து இழுத்துத் தருகிறது. ஒரு கடி, அரை இஞ்ச் தள்ளி இன்னொரு கடி, அட்டையில் வைத்துப் பார்ப்பது, மறுபடி முதலிலிருந்து. அவசரப்பட்டு ஒரே இடத்தில் நாலு மிதி மிதித்தால் விளிம்பு கிழிந்துவிடும், அதுவும் வெட்டின பிசிறை அரம் போட்டு எடுக்காமல் விட்டிருந்தால் கிழிசல் அந்தப் பிசிறிலிருந்துதான் கிளம்பும், இதைக் கற்றுக்கொள்ள நான் வீணாக்கின தகடுகள் ஏராளம். வளைவு கூடிப்போனால் தகட்டைச் சுருக்குகிற ஷ்ரிங்கரில் கொடுத்துக் குறைக்கலாம்.

பொருத்தும்போது வரிசையாக வெல்டிங் இழுத்துவிட்டால் சூட்டில் தகடு நெளியும். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, ஆறவிட்டு மறுபடி.

பட்டறைத் தம்பிகளுக்கு: பல வண்டிகளில் பெட்ரோல் ஊற்றுகிற குழாய் பின் ஆர்ச்சை ஒட்டித்தான் போகும். அதைக் கழற்றி அப்புறப்படுத்தாமல், பேட்டரி ஒயரை எடுக்காமல் வெல்டிங்கைத் தொடாதீர்கள். ஜிங்க் பூசின தகடு என்றால் வெல்டிங் போடும் இடத்தில் பூச்சைத் தேய்த்துவிடுங்கள், அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். தகட்டை உருளைகளுக்கு நடுவே ஓட்டி வரி போடுகிற பீட் ரோலரில் கையுறை வேண்டாம், துணி மாட்டினால் விரலும் சேர்ந்து உள்ளே போகும்.

பட்டியே கூடாது என்று சொல்லவில்லை. மேடு பள்ளத்தை நிரவ 3 மில்லிமீட்டருக்குள் போடலாம், ஓட்டையை அடைக்க அல்ல. அதனால் வண்டிக்காரர்களே, பட்டி பூசுவதற்கு முந்தின நாள் பட்டறைக்கு வந்து வெறும் தகட்டைப் பாருங்கள். அந்த 800-காரரையும் அப்படித்தான் வரச் சொன்னேன். வரும்போது சொந்தமாக ஒரு காந்தம் வாங்கி வந்திருந்தார்.