எல்லாம் போன்ல இருக்கு, அக்கா!

போன வாரம் எங்கள் பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒருவர் நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கு வந்திருந்தார். அவருடைய அப்பா நாடகங்களுக்கு சீன் படுதா, அதாவது மேடைக்குப் பின்னால் தொங்கும் ஓவியத் திரை, எழுதியவர். சித்தூர், கொல்லங்கோடு பக்கத்துத் திருவிழா நாடகங்களுக்கு தர்பார், காடு, தெரு எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறார். படுதா எழுதுமுன் காகிதத்தில் வரைந்து பார்த்த மாதிரிப் படங்களே ஒரு மூட்டை இருந்ததாம்.

"எல்லாத்தையும் டிஜிட்டல் பண்ணிட்டோம் அக்கா" என்று போனை நீட்டினார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாற்பது படங்கள். பாதியில் டியூப்லைட் வெளிச்சம் அடிக்கிறது, ஒன்றில் யாருடைய கட்டைவிரலோ தெரிகிறது. காகிதங்கள் எங்கே என்று கேட்டேன்.

"அதான் எடுத்தாச்சே... வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர்காரருக்குப் போட்டுட்டோம்."

இந்த வருடத்தில் இது மூன்றாவது. பொறுமை போய்த்தான் எழுதுகிறேன்.

போனில் எடுப்பது தப்பில்லை, ஒன்றும் இல்லாததற்கு அது மேல். ஆனால் வாட்ஸ்அப்பில் போட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். இருபது அங்குல நீளப் படத்தை நாங்கள் அங்குலத்துக்கு 400 புள்ளி வைத்து ஸ்கேன் செய்தால் நீளவாக்கில் 8,000 புள்ளி கிடைக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுமார் 1,600க்குச் சுருங்கிவிடும். நீளமும் அகலமும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 25 புள்ளியில் ஒன்றுதான் மிச்சம். தூண் எது, திரை எது என்று தெரியும். தூரிகை எங்கே நின்று எங்கே இழுத்தது என்பது தெரியாது. ஓவியம் பயில்பவருக்கு வேண்டியது அதுதானே? எச்டி என்று போட்டு அனுப்பினாலும் சுருக்குவது குறையுமே தவிர நிற்காது. படம் எடுத்த தேதியும் கேமரா விவரமும்கூட வழியிலேயே உதிர்ந்துவிடும். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் 'டாக்குமெண்ட்' என்று அனுப்புங்கள், கோப்பு அப்படியே போகும்.

இன்னொன்று. வரைந்தது யார், எந்த ஊர் நாடகத்துக்கு, எந்த வருடம், எத்தனை அங்குலம், வாட்டர் கலரா போஸ்டர் கலரா என்று எழுதி வைக்காத படத்தை நான் எந்தப் பெயரில் பட்டியலில் ஏற்றுவது? தேடுகிறவர் எதைத் தட்டினால் அது வந்து நிற்கும்? எங்கள் வேலையில் ஸ்கேன் செய்வது கால்வாசி, மீதி முழுக்க இந்த விவரம் சேர்ப்பதுதான். காகிதம் கையில் இருந்தால் நாளைக்கு இன்னும் நல்ல கருவி வரும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதை எடைக்குப் போட்டுவிட்டால்?

எங்கள் ஜில்லாவின் தோல்பாவைக்கூத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், தோல் பொம்மைகளின் நிழலைத் திரையில் ஆட்டும் கூத்து அது. பாரதப்புழைக் கரையோரத்து பகவதி கோயில்களில் கூத்துமாடம் என்ற மேடை கட்டி, மலையாள மண்ணில் கம்பன் பாட்டைத் தமிழிலேயே பாடி ஆடுகிறார்கள். பழைய பாவைகள் மான் தோலில் செய்தவை. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு புதிதாக மான் தோலுக்கு வழியில்லை, ஆட்டுத்தோல்தான். பழைய பாவை ஒன்று நைந்துபோய், அதே அளவில், அதே ஓட்டை வேலையோடு புதிது வெட்ட வேண்டுமானால் கலைஞருக்குச் சரியான பதிவு வேண்டும். பாவையை மேசையில் கிடத்தி எடுத்த படம் பாதிப் பதிவுதான். பின்னாலிருந்து விளக்கு வைத்தும் எடுக்க வேண்டும், பக்கத்தில் அளவுகோல் வைக்க வேண்டும். விளக்குக்கு முன்னால் ஆடுவதற்கென்றே செய்த பொருள் அல்லவா!

சென்னை ரோஜா முத்தையா நூலகம் தெரியும் அல்லவா? அந்த ரோஜா முத்தையாவே விளம்பரப் பலகை எழுதிய ஓவியர்தான், கோட்டையூர்க்காரர். புத்தகத்தோடு நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் தூக்கிப் போடுவதையும் சேர்த்தார். அவர் 1992-ல் இறந்த பிறகு, சுமார் 1,00,000 உருப்படிகள் கொண்ட அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி சென்னையிலேயே நூலகமாக்கியது. தேதியும் ஊரும் அச்சடித்த ஒரு நாடக நோட்டீசு கிடைத்தால் போதும், கையெழுத்தில்லாத படுதாவுக்கு வருடம் சொல்லிவிடலாம்.

"லைப்ரரிக்குக் கொடுத்தால் உரிமை போய்விடும்" என்பார்கள். போகாது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியர் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் உரிமை உண்டு. எழுதிக் கையெழுத்துப் போடாமல் அது கைமாறாது. ஆனால் நீட்டிய தாளில் எல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஸ்கேன் செய்ய மட்டும் கொடுக்கிறீர்களா, காகிதத்தையே கொடுக்கிறீர்களா என்று எழுதி வாங்குங்கள்.

அப்புறம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். அந்தச் சூட்டில் ஒட்டியதை எங்களாலும் பிரிக்க முடியாது. செல்லோடேப், ஸ்டேப்ளர் பின் கூடாது. பெயரையும் வருடத்தையும் பின்பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் மை மறுபக்கம் ஊறும். தரையில், சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், மழைக்காலம் வருகிறது. ஹார்டு டிஸ்க்கையும் காகிதத்தையும் ஒரே பீரோவில் பூட்டி வைப்பவர்களை என்ன சொல்ல? 2018 ஆகஸ்ட் வெள்ளம் பார்த்த மாநிலம் இது. ஒரு நகலையாவது வேறு ஊரில் உள்ள தங்கச்சி வீட்டில் வையுங்கள். யோசனை கேட்க வேண்டுமா, பக்கத்து வாயனசாலைக்கு, அதாவது ஊர் நூலகத்துக்கு, போங்கள். 1945-ல் பி. என். பணிக்கர் 47 நூலகங்களோடு நூலகச் சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து கேரளத்தில் வாயனசாலைகளுக்குப் பஞ்சமில்லை. அவர்களிடம் ஸ்கேனர் இல்லாவிட்டாலும் யாரிடம் இருக்கிறது என்று சொல்வார்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரரை நான் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். முகம் சுருங்கிப் போனார். பிறகு, அப்பாவிடம் கணக்கு நோட்டு ஏதாவது உண்டா, எந்த ஊருக்கு எந்தப் படுதா, எவ்வளவு முன்பணம் என்று எழுதியிருப்பாரே என்று கேட்டேன். டிரங்குப் பெட்டியில் நாலைந்து நோட்டு கிடப்பதாகச் சொன்னார். சொல்லும்போதே எழுந்து வாசலுக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டார்.

"அம்மா, அந்தப் பெட்டியைத் தொடாதீங்க. பேப்பர்காரர் வந்தா நான் வந்தப்புறம் வரச் சொல்லுங்க."